மாரிச்செல்வி எழுதாத பதில்

பி.பி.ஏ. கடைசித் தேர்வில் நிஜக் கம்பெனியைத்தான் கேள்வியாகக் கொடுப்பார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள் எழுதும் பதிலைக் கம்பெனி அப்படியே செய்துவிடும்.

மாரிச்செல்வி பெயிலாகிவிட்டாள். அவள் அப்பா சங்கையாவுக்கு முந்தின நாள்தான் பிஸ்கட் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை போயிருந்தது.

"காலேஜுக்காரன் களவாணிப்பய. மறுபடி பீஸ் வாங்கத்தான் பெயிலாக்குறான்" என்றார்.

"இல்லப்பா. அம்பது மார்க் கேள்வியை நான் எழுதல."

"ஏன், கை சுளுக்கிக்கிச்சா?"

"உங்க கம்பெனிதான் வந்துச்சு. யாரை வேலையை விட்டு நிறுத்தலாம்னு கேட்டிருந்தாங்க. பதில் தெரியும். எழுத முடியல."

சங்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த பிள்ளைக?"

"எல்லாரும் வாட்ச்மேனைத்தான் எழுதுனாங்க. அது என் அப்பான்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"நீ எழுதியிருந்தாலும் எழுதாட்டியும் என் வேலை போயிருக்கும். இதுல நீ வேற எதுக்குத் தாயி பெயிலான?"

அவள் மறுபரீட்சைப் பாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மறுபரீட்சைக்கும் இதே கம்பெனியா?"

"வேற கம்பெனி. அங்கயும் ஒருத்தரை நிறுத்தச் சொல்லித்தான் கேப்பாங்க."

சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழுதிரு" என்றார். "இனி உன் சம்பளத்துலதான் அடுப்பெரியணும்."