முடிவைச் சொல்கிறவள்

"இந்தப் பிள்ளையை இண்டைக்கே குழுவில இருந்து தூக்கவேணும்," என்றான் ராகுலன்.

வெள்ளவத்தையில் அவனுடைய ஃப்ளாட். எதிரே தனுஷியா, மடியில் லாப்டொப். 'பக்கத்து அலுமாரி' என்ற இணையக் குழுவுக்கு இரண்டு பேரும்தான் நிர்வாகிகள். கொழும்பில் உள்ள வாசகர்கள் தங்கள் புத்தகங்களை அதில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைப்பார்கள். வாசித்தவை, வாசிக்க இருப்பவை, பாதியில் விட்டவை என்று தட்டுத் தட்டாகப் பிரிப்பார்கள். கீழே கருத்து எழுதி நட்சத்திரம் போடுவார்கள். இரவல் வாங்குவதும் கொடுப்பதும் அதில்தான்.

குழுவுக்குக் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்று. கதையின் முடிவை வெளியே சொல்லக்கூடாது.

கொட்டாஞ்சேனை டிலக்ஷி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"பாருங்கோ, 'கொலை செய்தது மைத்துனன்' எண்டு எழுதி வைச்சிருக்கிறா. இதில, 'கடைசியில் அவள் அவனைக் கலியாணம் கட்டவில்லை' எண்டு. இனி ஆர் இதை வாசிப்பினம்?"

"ஒண்டைக் கவனிச்சீங்களா?" தனுஷியா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "எல்லாம் ஒரே ஆளின்ர தட்டில இருக்கிற புத்தகங்கள். நமசிவாயம் ஐயா பாதியில விட்டவை."

"அப்ப அந்த மனுசனோட ஏதோ கோபம். வயசு போனவரைச் சீண்டிறா."

"எதுக்கும் ஒருக்கா அவவிட்டக் கேட்டுப் பாப்பமே?"

"என்னத்தைக் கேக்கிறது? எழுத்திலயே கிடக்குது."

ராகுலனுக்கு இலக்கியம் என்றால் உயிர். அப்படித்தான் தன்னைப் பற்றி அவனே எழுதியிருந்தான். குழுவில் அதிகம் நட்சத்திரம் போட்டவனும் அதிகம் கருத்து எழுதியவனும் அவன்தான். டிலக்ஷியை நீக்கினான். 'நமசிவாயம் அங்கிளை ஒருக்காக் கேளுங்கோ' என்று அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவளுடைய இலக்கத்தையும் தடை செய்தான்.

நீக்கிய அறிவித்தலுக்கு லைக் குவிந்தது. 'நல்ல வேலை' என்று பலர் எழுதினார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் அவன் நமசிவாயத்தைப் பார்க்க இரத்மலானைக்குப் போனான். கையில் அவருக்கு ஒரு புது நாவல். மனதில் குழுவில் போடப்போகும் படம்.

அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி கதவைத் திறந்தார். "இவருக்குக் கனக்கக் கதைக்க ஏலாது தம்பி. உள்ள வாங்கோ."

கட்டிலில் கிடந்தவரை ராகுலனுக்கு மட்டுக்கட்டவே முடியவில்லை. போன வருடச் சந்திப்பில் கண்ட ஆளில் பாதிகூட இல்லை. தலைமாட்டுச் சுவரில் ஓர் இளைஞனின் படம். யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போன மகன். செத்தான் என்று இன்றுவரை யாரும் சொல்லாதபடியால் படத்துக்கு மாலை போடவில்லை.

கொண்டுவந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று ராகுலனுக்குத் தெரியவில்லை.

"ஐயா, அந்த டிலக்ஷியை நீக்கிட்டம். இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

நமசிவாயம் தலையைத் தூக்கப் பார்த்தார். "ஏன் தம்பி? நான்தானே கேட்டனான்."

"நீங்களோ?"

"புற்றுநோய் ஈரலுக்கும் வந்திட்டுது. கண்ணும் மங்கிப்போச்சு. இனி ஒண்டையும் வாசிச்சு முடிக்கமாட்டன். பாதியில விட்டதுகளின்ர முடிவையாவது ஆரும் சொல்லுங்கோ எண்டு முந்தி ஒருக்காக் குழுவில எழுதினனான். எல்லாரும் பகிடி எண்டு நினைச்சிட்டினம். நீங்களும் சிரிச்ச முகம் போட்டனீங்கள். அந்தப் பிள்ளை மட்டும்தான் ஒவ்வொண்டா எழுதினவ. ஜெகதீஸ்வரி எனக்கு அதை வாசிச்சுக் காட்டுவா."

ராகுலன் கையிலிருந்த புது நாவலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இன்னும் ஒண்டுதான் மிச்சம். படகில போன மகனுக்காகத் தாய் காத்திருக்கிற நாவல். அந்தப் பிள்ளை ஏனோ அதுக்கு மட்டும் எழுதேல்ல. நீங்கள் அதுக்கு ஐஞ்சு நட்சத்திரம் போட்டனீங்கள் என்ன? கடைசி அத்தியாயத்தில அழுதிட்டன் எண்டும் எழுதியிருந்தீங்கள்."

ஓம், எழுதியிருந்தான். அந்தப் புத்தகத்தில் அவன் வாசித்தது பின்னட்டையை மட்டும்தான்.

"சொல்லுங்கோ தம்பி. அந்த மகன் திரும்பி வந்தவனோ?"

ராகுலன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"வந்தவன் ஐயா. தாய் விடியக் கதவைத் திறக்கேக்க, வாசல்ல நிண்டவன்."

"எனக்குத் தெரியும்," என்றார் நமசிவாயம். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் வலி கொஞ்சம் விலகியிருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ராகுலனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பொய்க் கருத்து எழுதியிருக்கிறான், சாகக் கிடக்கிற மனுசனுக்குப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

வழியனுப்ப வந்த ஜெகதீஸ்வரியிடம் திரும்பினான். "அன்ரி, டிலக்ஷியைத் திரும்பச் சேர்த்துவிடுறன். மன்னிப்பும் கேக்கிறன். இன்னுமொண்டு... உண்மையில நான் அந்தப் புத்தகத்தை..."

"தெரியும் தம்பி. அதில மகன் வரமாட்டான். இதை அங்கிளுக்கு எழுத மனம் வரேல்ல எண்டு அந்தப் பிள்ளை எனக்குத் தனிய அனுப்பினவ. எனக்கும் இவரிட்டச் சொல்ல வாய் வரேல்ல."

கதவைச் சாத்தப்போன ஜெகதீஸ்வரி ஒரு கணம் நின்றார்.

"நல்ல காலம், நீங்கள் அதை வாசிக்கேல்ல."