பேட்டரி டவுன்

மாமா காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள். புது காரின் சீட் அழுக்காகிவிடுமே என்று, "பேட்டரி டவுன் மாமா, வண்டி அசையவே மாட்டேங்குது" என்று மருமகன் போனில் கூசாமல் புளுகிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான்.

மாலையில் மாமா போனில் கூப்பிட்டார். "எப்படியோ வண்டியைக் கிளப்பிக்கிட்டு வந்துட்டியே மாப்ள. தாங்கிப் பிடிச்சு கட்டில்வரைக்கும் கொண்டாந்து விட்டே. ஆனா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலையே, கோவமா?"

"அதெல்லாம் இல்ல மாமா" என்றான். காது சுட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு எக்ஸ்ரே. வந்துடு."

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தான். கார் பூட்டியபடிதான் நின்றது. முன்சீட் மட்டும், நீட்டிய காலுக்கு இடம்விட்டு, கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது.

மறுநாள், இந்த முறையாவது தானே போய்விட வேண்டும் என்று ஒன்பது மணிக்கே சாவியோடு இறங்கினான். கார் நின்ற இடம் காலியாக இருந்தது.