வெற்றி விருந்து

ஜில்லா போர்டு தேர்தலில் ஜெயிக்கப்போவது தாம்தான் என்பதில் காசிமாயனுக்குச் சந்தேகமே இல்லை. காலையிலேயே கிடா வெட்டி, ரோஜா மாலை வாங்கி, மேளக்காரரையும் உட்கார வைத்துவிட்டார். மதுரையிலிருந்து தோல்விச் செய்தி வந்ததும் பந்தல் காலியானது. கறிச்சோறு மட்டும் அண்டா அண்டாவாக மிஞ்சியது.

"ஒருத்தன்கூட எட்டிப் பாக்கலையே ரெங்கம்மா!"

"தேர்தல்ல உங்க பக்கம் நிக்கலைன்னு தங்கச்சி வீட்டையே ஒதுக்கி வச்சீக. இப்ப யாரு வருவா?" என்றாள் மனைவி.

அப்போது வாசலில் வண்டிகள் வந்து நின்றன. தங்கை பாண்டியம்மாளும் அவள் புருஷன் மலையாண்டியும் பெருங்கூட்டத்தோடு இறங்கினார்கள்.

"துக்கம் கேக்க வந்தீகளா மாப்ள?"

"பசிக்குது மச்சான். சோறு போடுங்க."

பந்தி நிறைந்தது. காசிமாயனுக்குக் கண் கலங்கியது. "தோத்தவன் வீட்டுல கை நனைச்சீகளே மாப்ள, மறக்கமாட்டேன்."

மலையாண்டி நெளிந்தார். "நாந்தான் மச்சான் மறக்கக்கூடாது. நீங்கதான் ஜெயிப்பீகன்னு நானும் நம்பி, வீட்டுல அடுப்பே பத்த வைக்கல. உங்களை எதிர்த்து நின்னு ஜெயிச்ச எங்கிட்ட விருந்து எங்கேன்னு இம்புட்டுச் சனம் வந்து நின்னா, நான் எங்கே போவேன்?"

காசிமாயன், வாடத் தொடங்கியிருந்த ரோஜா மாலையை எடுத்துவந்து மலையாண்டியின் கழுத்தில் போட்டார்.

"மேளத்தை அடிங்கப்பா! எங்க வீட்டு மாப்ள ஜெயிச்சிருக்காரு!"