சிவப்பு மருந்து

டிக்கோயாவிலிருந்து மாற்றலாகி அன்றுதான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த மருந்தக டிஸ்பென்சர் கனகசபை, சாகக் கிடந்த கிழவரின் வாயருகே சிவப்பு மருந்தை நீட்டினார். கிழவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வயித்து வலிக்கும் எல்லாத் தோட்டமும் இதைத்தானே குடிக்குது, பெரியவரே?"

"குடிக்கட்டும். எனக்குச் சூடா தேத்தண்ணி போதும். நிம்மதியாப் போய்ச் சேர்றேன்."

கனகசபைக்குக் கோபம் வந்துவிட்டது. "மருந்தைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

கிழவரின் மகள் தலைகுனிந்தாள். "கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்களுக்கு முன்னாடி முப்பது வருசம் இங்க டிஸ்பென்சரா இருந்தது அப்பாதான்."

கிழவர் கண்ணைத் திறந்தார்.

"அதைக் கலக்கிக் கலக்கிக் குடுத்தவன் நான், தம்பி. என்னையே குடிக்கச் சொல்றீங்களே!"