கோப்பையின் உயரம்

ஷென்சென் முதலீட்டுக் கண்காட்சியில் அலைந்து அலைந்து யான்பிங்குக்குக் கால் வீங்கிவிட்டது. தன் மலை மாவட்டத்துக்கு ஒரு தொழிற்சாலையையாவது பிடித்து வரச் சொல்லி மேலதிகாரிகள் அனுப்பியிருந்தார்கள். சிக்கியது தோங் என்ற ஒரே ஆள்தான். தேய்ந்த செருப்பு, கசங்கிய சட்டை. நிஜப் பணக்காரர்கள்தான் இப்போதெல்லாம் இப்படித் திரிகிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டார்.

மூன்று சுற்று மது குடிக்காமல் தொழில் பேச்சை எடுப்பது மரியாதையில்லை. வயிறு எரிய எரிய அவள் கோப்பையைத் தூக்கினாள். காரியம் ஆக வேண்டியவர்தான் கோப்பையைத் தாழ்த்தி முட்ட வேண்டும். அவள் தாழ்த்தினாள். தோங் அதற்கும் கீழே தாழ்த்தினார்.

"நீங்க போய் இப்படிச் செய்யலாமா சார்?"

"உங்க முன்னாடி நான் எம்மாத்திரம் மேடம்?"

எவ்வளவு அடக்கம் என்று அவளுக்குப் புல்லரித்தது. மூன்றாம் சுற்றில் இரண்டு கோப்பைகளும் மேசையையே தொட்டுவிட்டன.

"எங்க மாவட்டத்துல நிலம் கிட்டத்தட்ட சும்மாதான் சார்," என்று மெல்ல ஆரம்பித்தாள்.

தோங்கின் முகம் தொங்கிப்போயிற்று. "அஞ்சு வருஷம் வரி கிடையாது. ரோடும் கரண்டும் நீங்களே போட்டுக் குடுப்பீங்க," என்று அவரே முடித்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலேர்ந்து நானும் இதைத்தானேம்மா சொல்லிட்டிருக்கேன், எங்க மாவட்டத்துக்காக. உன் கிழிஞ்ச பையைப் பார்த்துக் கோடீஸ்வரின்னு நெனச்சுட்டேன்."

தோங் பாட்டிலில் மிச்சமிருந்ததை இரண்டு கோப்பையிலும் ஊற்றினார். அந்த வாரத்தில் முதல் முறையாக யான்பிங் கோப்பையைத் தாழ்த்தாமல் முட்டினாள்.