முகத்துக்குப் பூசுற கிரீம்

"உங்க மருமக எங்க வேலை பாக்குறாங்க?" பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் வாசலில் நின்று கேட்டாள்.

"முகத்துக்குப் பூசுற கிரீம் கம்பெனியில," என்றார் மாமியார்.

உள்ளறையில் உடை மாற்றிக்கொண்டிருந்த மருமகளுக்குச் சுருக்கென்றது. மாதவிலக்கு நின்ற பெண்களின் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் பெண்ணுறுப்புக்குள் வைக்கிற மருந்து ஜெல்லை உருவாக்குவதுதான் அவள் வேலை. வெளியில் சொல்லிக்கொள்ள அத்தைக்கு வெட்கம் போலிருக்கிறது.

நர்ஸ் போன பிறகு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்து மருமகள் குரலைத் தாழ்த்தினாள்.

"பழைய ஜெல் எழுந்து நின்னா வழியுதுன்னு யாரோ சொன்னாங்கல்ல? அதான் உடம்புச் சூட்டுல கெட்டியாகுற மாதிரி மாத்தினோம். ஆஸ்பத்திரியில சோதனைக்கு வர்றவங்க இப்ப என்ன சொல்றாங்களோ."

போனை வைத்தாள்.

"இப்ப வழியல," என்றார் மாமியார், தலை நிமிராமல். "எரிச்சலும் அடங்கிடுச்சு. உள்ள வைக்கிற குழலோட முனைதான் கொஞ்சம் குத்துது."

மருமகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, கம்பெனியில வேலை பாக்குறவங்க வீட்டு ஆளுங்க சோதனையில சேரவே கூடாது."

"தெரியும். இந்த நர்ஸ்தான் அங்க டியூப் குடுக்குறா. அதான் கிரீம் கம்பெனின்னு சொல்லி வெச்சேன்."

"நாளைக்கே உங்களை விலக்கச் சொல்லணுமே."

"சொல்லு. ஆனா முனையை மழுக்கிடு. அங்க வர்ற மத்தவங்க குத்தினாலும் வாயைத் திறக்க மாட்டாங்க. வழியுதுன்னு சொன்னதும் நான் ஒருத்திதான்."