வெளியில் கொடுத்த மன்னிப்பு

கல்யாண நாளை அவன் மறந்ததிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ விளம்பரம் எழுதுகிறவள். வெறும் 'சாரி' எடுபடாது.

"மன்னிப்புக் கேட்க உருக்கமா நாலு வரி வேணும்" என்று கைபேசியில் இருந்த ஏஐ ஏஜென்ட்டிடம் வேலையை ஒப்படைத்தான். வந்ததை மனப்பாடம் செய்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"நீ பேசாத வீட்டுல கடிகாரச் சத்தம்கூட என்னைத் திட்டுற மாதிரி..."

அதற்குமேல் மறந்துவிட்டது.

"'இருக்கு. அதுக்குப் பதிலா நீயே திட்டிடு'" என்று அவள் முடித்துவைத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மனுஷங்க எழுதினாத்தான் உருக்கமா இருக்கும்னு உங்க ஏஜென்ட், நீங்க சொன்னதை அப்படியே போட்டு ஆன்லைன்ல ஆள் தேடிச்சு. யாரோ ஒரு மக்குப் புருஷன்னு நினைச்சு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவன் அசடு வழிந்தான்.

"'ரெண்டு வார்த்தை உருகினா விழுந்துடுவா'ன்னு பொண்டாட்டியைப் பத்தி அதுகிட்ட விவரம் சொன்னீங்களே, அதுக்கு இப்போ மன்னிப்புக் கேளுங்க. சொந்தமா."